நார்வேயில் ரைஃபிள் வீரராக வளர்வது எப்படி: ஊர் கிளப்பிலிருந்து ஒலிம்பிக் வரை

ஒலிம்பிக் பதக்கத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நார்வேயின் துப்பாக்கி சுடுதலைப் பார்த்தால் பாதிதான் புரியும். அங்கே ரைஃபிள் முதலில் ஊர்ச் சங்கத்து விவகாரம், தேசிய அணி, உலகக் கோப்பை எல்லாம் அப்புறம்தான். உங்கள் மகனோ மகளோ நார்வேயில் வளர்கிறார்கள், பள்ளித் தோழன் கூப்பிட்டான் என்று ஒருநாள் சுடும் கூடத்துக்குப் போய்விட்டு வந்து "நானும் சேரணும்" என்கிறார்கள் என்று வையுங்கள். ஒஸ்லோ, பெர்கன் பக்கம் குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது நடக்கக்கூடியதுதான். துப்பாக்கி என்றதும் நம் வீடுகளில் வருகிற பயம் நியாயமானது, அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இந்த வழி எங்கே தொடங்குகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே பணம் கேட்கிறது என்று பார்ப்போம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நார்வேயில் இதற்கு இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று டி.எஃப்.எஸ். என்று எல்லோரும் சொல்கிற தன்னார்வத் துப்பாக்கி சுடும் அமைப்பு. 1893-இல் உருவானது, அப்போது நார்வே சுவீடனோடு ஒரே அரசரின் கீழ் இருந்தது, நாட்டைக் காக்க மக்களுக்குச் சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்றைக்கும் அதற்குப் பாதுகாப்புத் துறை வழியாக அரசுப் பணம் வருகிறது, நாடு முழுக்க நூற்றுக்கணக்கான ஊர் கிளப்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அதை ஷுட்டெர்லாக் என்பார்கள். இன்னொன்று நார்வே துப்பாக்கி சுடுதல் சம்மேளனம், ஒலிம்பிக், உலகக் கோப்பை, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் ரைஃபிள்), 50 மீட்டர் போட்டி எல்லாம் இதன் பக்கம். பனிச்சறுக்கோடு சேர்த்துச் சுடுகிற பயத்லான் மூன்றாவது ஒன்று, அதற்குத் தனி சம்மேளனம், தனிப் பயிற்சி. பிள்ளைக்கு ஸ்கீயில் ஆசை அதிகமென்றால் அங்கே போகட்டும், இங்கே நாம் அதைத் தொடப்போவதில்லை.

எங்கே சேர்ப்பது என்று கேட்டால், யோசிக்கவே வேண்டாம், ஊர் கிளப்பில் சேருங்கள். ஒலிம்பிக்தான் கனவு என்றாலும்கூட.

குளிர்காலத்தில் தொடங்குங்கள்

கோடையைவிட குளிர்காலம் நல்லது. அப்போது பயிற்சி உள்ளரங்கில், 15 மீட்டர் தூரத்தில், .22 என்கிற சின்னக் குண்டு ரைஃபிளில் நடக்கும். பின்னுதைப்பு கிட்டத்தட்டக் கிடையாது, சத்தம் குறைவு, பக்கத்திலேயே பயிற்சியாளர் படுத்துக்கிடந்து கவனிப்பார். பத்து, பதினொன்று வயதுப் பிள்ளைகள் வருவார்கள். ரைஃபிள், தோல் வார், கோட், காதுமூடி எல்லாம் கிளப்பிலேயே கொடுப்பார்கள், ஆகவே முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, வளர்கிற பிள்ளைக்கு வாங்குகிற சுடும் கோட் அடுத்த வருடம் போடமுடியாது.

முதல் மாதம் அலுப்பாக இருக்கும். துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கின் பக்கம், சுடும் இடத்துக்கு வரும்வரை போல்ட் (குண்டறையைத் திறந்து மூடும் பாகம்) திறந்தே இருக்க வேண்டும், விரல் ட்ரிகரில் போவது குறி பார்த்த பிறகுதான், யாராவது முன்னால் போனால் எல்லோரும் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கழுத்தறுப்பார்கள். அறுக்கட்டும். இதில் அலட்சியமாக இருக்கிற கிளப்பைப் பார்த்தால் அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இன்னொன்று, உள்ளரங்கில் ஈயத் தூசி இருக்கும், சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் பிஸ்கட் பாக்கெட்டைத் தொட விடாதீர்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரே தொழில்நுட்ப விஷயம் ரைஃபிளின் நீளம். பெரியவர்களின் ரைஃபிள் கட்டையை (தோளில் பதிகிற பின்பகுதி) வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை கழுத்தை நீட்டி, முகத்தைக் கட்டையில் வலுக்கட்டாயமாக அழுத்திக் குறி பார்ப்பதை நிறைய கூடங்களில் பார்க்கலாம். கட்டையின் நீளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், முகம் தானாக வந்து உட்காருகிற இடத்தில்தான் கண் பின்குறியின் (கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற குறிபார்க்கும் வளையம்) துவாரத்துக்கு நேராக வர வேண்டும். வருடக்கணக்கில் தப்பாகப் படுத்துப் பழகிய கழுத்தை 17 வயதில் திருத்துவது பெரிய பாடு.

உடம்பு எப்படி இருக்க வேண்டும்

இங்கே கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

படுத்துச் சுடும் நிலையில் ரைஃபிளைத் தாங்குவது தோல் வார், கை இல்லை. வார் மேற்கையைச் சுற்றி வந்து ரைஃபிளின் முன்பக்கக் கொக்கியில் மாட்டியிருக்கும், இடது முழங்கை தரையில், உள்ளங்கை கொக்கிக்குப் பின்னால், தசை எதுவும் இறுகாமல் எலும்பும் வாரும் சேர்ந்து ஒரு முக்கோணமாக நிற்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், கண்ணைத் திறங்கள். குறி இலக்கின் நடுவிலேயே இருந்தால் சரி. வலப்பக்கம் போயிருந்தால் உடம்பின் இயல்பான திசை வலப்பக்கம் என்று அர்த்தம். அப்போது கையால் தள்ளி நடுவுக்குக் கொண்டுவரக் கூடாது, இடது முழங்கையை அசைக்காமல் இடுப்பையும் காலையும் வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் குழல் இடப்பக்கம் வரும். மறுபடி கண்ணை மூடிப் பாருங்கள். தேசிய அணிக்காரர்களும் ஒவ்வொரு போட்டியிலும் இதைத்தான் செய்கிறார்கள். தள்ளிப் பிடித்துச் சுட்ட குண்டு, ட்ரிகர் விடுபட்ட நொடியில் தசை தளர்ந்ததும் பழைய திசைக்கே போய்விடும்.

மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்துங்கள். ஐந்திலிருந்து எட்டு நொடி வரை கண் தெளிவாக இருக்கும், அதற்குள் குண்டு போகவில்லை என்றால் ரைஃபிளை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இளைஞர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், "இன்னும் ஒரு நொடி, இதோ வந்துவிடும்" என்று பிடித்துக்கொண்டே இருப்பார்கள், கண் மங்கும், துடிப்பு ஏறும், கடைசியில் ட்ரிகரைப் பிடுங்குவார்கள், பத்து மதிப்பெண்ணுக்குப் பதில் எட்டு விழும். இறக்கி வைக்கத் தெரிந்தவர்தான் நீண்ட நாள் சுடுவார். சுட்ட பிறகும் ஒரு நொடி அப்படியே குறி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், குண்டு போன இடத்தைத் திரையில் பார்க்க உடனே தலையைத் தூக்குகிற பழக்கம் வந்தால் போச்சு. நார்வேயில் கோங்ஸ்பெர்க், மெகாலிங்க் என்று உள்ளூர் மின்னணு இலக்குகள் பல கூடங்களில் இருக்கின்றன, திரை பக்கத்திலேயே இருப்பதால் அந்த ஆசை இன்னும் அதிகம்.

நின்று சுடுவது வேறு உலகம். ஒவ்வொரு முறையும் ரைஃபிள் ஆடும், ஆடாமல் நிறுத்த முடியாது, ஆட்டத்தைச் சின்னதாக்கலாம், அவ்வளவுதான். இடது இடுப்பு இலக்கின் பக்கம் தள்ளி நிற்க, இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார, முதுகு கொஞ்சம் பின்னால் சாய்ந்து ரைஃபிளின் எடையைச் சமன் செய்ய வேண்டும். இதற்கு வீட்டிலேயே குண்டில்லாமல் பயிற்சி செய்யலாம், சுவரில் சின்னக் கறுப்புப் புள்ளி ஒட்டி, தினம் இருபது முப்பது நிமிடம். பெரிய வீரர்களும் இப்படிப் பயிற்சி செய்கிறார்கள். முழங்கால் நிலைக்குக் கணுக்காலின் கீழ் ஒரு உருளைத் தலையணை வைப்பார்கள், முதல் வாரம் கால் மரத்துப் போகும், பழகிவிடும்.

கோடை வந்ததும்

பனி கரைந்ததும் வெளியே போவார்கள். 100 மீட்டர், 200 மீட்டர், பெரிய வகுப்புகளுக்கு வந்ததும் 300 மீட்டர். ரைஃபிள் பெரும்பாலும் சாவர் 200 எஸ்.டி.ஆர்., குண்டு 6.5×55. போட்டியில் 25 குண்டு, அதில் மேலே வந்தவர்களுக்கு இறுதியில் இன்னும் 10, முழு மதிப்பெண் 350. பெரியவர்களுக்கு 1 முதல் 5 வரை வகுப்புகள், நீங்கள் சுடுகிற மதிப்பெண்ணை வைத்து மேலே ஏற்றுவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித் தனிப் பட்டியல் கிடையாது, எல்லோரும் ஒரே வகுப்பில். மகளைச் சேர்க்கத் தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

இதோடு காட்டுக்குள் நடந்து போய்ச் சுடுகிற போட்டியும் உண்டு. ஐந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு குண்டு, வேறு வேறு வடிவத்தில், வேறு வேறு தூரத்தில் உருவங்கள், நேரக் கட்டுப்பாடு. முப்பதும் பட்டால் போதாது, உருவத்தின் நடு வட்டத்தில் எத்தனை பட்டது என்பதை வைத்துத்தான் சமநிலையைப் பிரிப்பார்கள். காற்று, வெயில், மேடு பள்ளம் எல்லாம் இங்கேதான் கற்றுக்கொள்வார்கள். அப்புறம் வேகப் போட்டி, 25 நொடிக்குள் போல்ட்டை இழுத்து இழுத்து எத்தனை குண்டு பட வைக்கிறீர்கள் என்பது. 2015-இல் ஒரு நார்வேக்காரர் 200 மீட்டரில் ஒரு நிமிடத்துக்குள் 36 குண்டுகளை இலக்கில் சேர்த்தார், அதுவும் கையால் இயக்கும் போல்ட்டில். வீடியோவைப் பார்த்தால் தானியங்கித் துப்பாக்கி என்றுதான் நினைப்பீர்கள்.

வருடத்துக்கு ஒரு முறை கோடையில் நாட்டின் எல்லா கிளப்களும் ஒரே இடத்தில் கூடும். வோஸ், ஸ்டெய்ன்ஷேர், எல்வெரும் மாதிரி ஊர்களில் நடந்திருக்கிறது. கூடாரமும் கேரவனுமாக ஒரு வாரம், ஆயிரக்கணக்கானவர்கள் சுடுவார்கள், இறுதிச் சுற்றை என்.ஆர்.கே. தொலைக்காட்சி நேரடியாகக் காட்டும். ஜெயித்தவருக்கு மன்னரின் கோப்பை கிடைக்கும், "சுடும் மன்னர்" என்ற பட்டத்தோடு ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். நார்வேயின் பல ஊர்களில் இந்தப் பட்டத்துக்கு ஒலிம்பிக்கைவிட மரியாதை அதிகம் என்றால் மிகையில்லை. ஆகவே இந்தப் பாதையிலேயே வாழ்நாள் முழுக்க இருப்பதைத் தோல்வி என்று யாரும் நினைப்பதில்லை.

எப்போது பிரிவது

பதினான்கு, பதினைந்து வயதில் ஏர் ரைஃபிளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன், மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. ஊர் கிளப்பின் கோடையை விட்டுவிட்டு வருடம் முழுக்க பத்து மீட்டர் கூடத்தில் அடைந்து கிடக்கிற பிள்ளை சீக்கிரம் சலித்துப்போகும், தவிர காற்றைப் படிக்கிற கண்ணும் வளராது.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் எவ்வளவு நுணுக்கமானது என்று ஒரு கணக்கைப் பாருங்கள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அறுபது குண்டு, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 10.9. டோக்கியோ ஒலிம்பிக்கில் நார்வேயின் ஜெனட் ஹெக் டூஸ்டாட் தகுதிச் சுற்றில் 632.9 எடுத்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். அதே சுற்றில் கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் 626.5 எடுத்தார், பதினாறாவது இடம், இறுதிச் சுற்று இல்லை. வித்தியாசத்தை அறுபதால் வகுத்தால் குண்டுக்கு 0.1 தான் வருகிறது. இலக்கில் அது கால் மில்லிமீட்டர். சாதனை படைத்த டூஸ்டாடும் இறுதிச் சுற்றில் நான்காவதாகத்தான் வந்தார், அங்கே மதிப்பெண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், தகுதிச் சுற்றில் எடுத்தது எதுவும் கூட வராது. அதே இறுதியில் கடைசிக் குண்டு வரை முன்னணியில் இருந்த ரஷ்யாவின் கலாஷினா 8.9 சுட்டார், தங்கம் சீனாவின் யாங் சியானுக்குப் போனது. ஆகவே இறுதிச் சுற்றைத் தனியாகப் பயிற்சி செய்யவேண்டும், கிளப்பில் நாலு பேரை நிற்கவைத்து, பின்னால் சத்தம் போடச் சொல்லி, ஒவ்வொரு குண்டையும் அறிவிக்கச் சொல்லிச் சுடுங்கள்.

50 மீட்டரில் ஒலிம்பிக்கில் இப்போது மூன்று நிலைப் போட்டி மட்டும்தான், முழங்கால், படுத்து, நின்று என்ற வரிசையில். படுத்துச் சுடும் தனிப்போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. நார்வேக்கு இது வருத்தம்தான். 1936 பெர்லினில் வில்லி ரோகெபெர்க் முப்பது குண்டுக்கு 300 எடுத்து ஒரு மதிப்பெண்கூட இழக்காமல் தங்கம் வாங்கியது இதில்தான், 1992 பார்சிலோனாவில் ஹரால்ட் ஸ்டென்வாக் வெள்ளி வாங்கியதும் இதில்தான். ஊர் கிளப்பில் வளர்ந்தவர்கள் இயல்பாகவே படுத்துச் சுடுவதில் பலமானவர்கள். இப்போது ஒலிம்பிக் வேண்டுமென்றால் நின்று சுடுவதுதான் முடிவு செய்யும், அதனால் பதினாறு வயதுப் பிள்ளையின் பயிற்சி நேரத்தில் பாதி அதற்குப் போகட்டும்.

300 மீட்டர் ரைஃபிள் 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை, ஆனால் உலக சாம்பியன்ஷிப்பில் இருக்கிறது. ஊர் கிளப்பிலிருந்து நேராக உலக அரங்குக்குப் போக ஆசைப்படுகிறவருக்கு இதுதான் பக்கத்து வாசல்.

குண்டும் காற்றும்

6.5×55 குண்டை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், பணமும் மிச்சம், ரைஃபிளுக்கு ஏற்ற அளவையும் கண்டுபிடிக்கலாம். .22-ஐ அப்படி நிரப்ப முடியாது. ஆகவே சீரியஸாகச் சுடுகிறவர்கள் ஜெர்மனியில் ஷோனெபெக்கில் உள்ள லாப்புவாவின் சோதனைக் கூடம் மாதிரி இடத்துக்கு ரைஃபிளை எடுத்துக்கொண்டு போவார்கள். ரைஃபிளை இரும்புப் பிடியில் இறுக்கி, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் பத்துப் பத்துக் குண்டாகச் சுட்டு, எந்தத் தொகுதி ஒரே ஓட்டையில் விழுகிறதோ அதை மொத்தமாக வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் தொகுதிக்குத் தொகுதி வேறு. தேசிய இளையோர் அணியை எட்டும்வரை இந்தச் செலவு தேவையில்லை, அதற்கு முன்பு செய்தால் வீண்பெருமைதான்.

காற்றுக்கு ஒரே விதி, கொடி எப்படி இருந்தபோது குறியைச் சரிசெய்தீர்களோ, அதே கொடி வரும்வரை காத்திருந்து சுடுங்கள். நேரம் இருக்கும்போது இது போதும். நேரம் குறையும்போது கொடியின் மாற்றத்துக்கு ஏற்ப பின்குறியில் எத்தனை கிளிக் நகர்த்த வேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், எந்த மைதானம், எந்தப் பக்கக் காற்று என்பதோடு. மூன்று கோடை எழுதினால் அந்த நோட்டே ஒரு பயிற்சியாளர்.

பணம், படிப்பு, சட்டம்

இந்த விளையாட்டை மட்டும் நம்பி நார்வேயில் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. உச்சத்துக்குப் போனவர்களுக்கு ஒலிம்பியாடொப்பன் என்ற அமைப்பின் உதவித்தொகை கிடைக்கும், அதிலும் தரவரிசைகள் இருக்கின்றன. மற்றவர்கள் வேலை பார்த்துக்கொண்டே சுடுகிறார்கள். விளையாட்டுக்கென்றே இருக்கிற மேல்நிலைப் பள்ளிகள் உண்டு, படிப்பையும் பயிற்சியையும் சேர்த்து அட்டவணை போடுவார்கள். பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ரைஃபிள் அணிகள், மேற்கு வர்ஜினியா, அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் மாதிரி, ஐரோப்பியப் பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்து எடுக்கின்றன. குளிர்காலத்தில் ஜெர்மனியின் பண்டஸ்லிகா ஏர் ரைஃபிள் லீக்கில் வெளிநாட்டு வீரர்களும் சுடுகிறார்கள், ஐந்து பேர் கொண்ட அணி, ஒருவருக்கு எதிராக ஒருவர், நாற்பது குண்டு, ஆரவாரம் காது கிழியும். நெருக்கடியில் சுடப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. பத்தொன்பது வயதில் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வரலாம், 2015-இலிருந்து பெண்களுக்கும் அது உண்டு, எல்லோரையும் எடுப்பதில்லை என்றாலும் அந்த வருடத்தை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

சொந்த ரைஃபிள் வாங்கும் நாள் வந்தால் போலீஸ் அனுமதி வேண்டும், கிளப் உறுப்பினர், ஒழுங்காகச் சுடுகிறார் என்பதற்குக் கிளப்பின் சான்று வேண்டும், வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட இரும்பு அலமாரி வேண்டும், அதை வந்து பார்க்கவும் போலீசுக்கு உரிமை உண்டு. ஆயுதச் சட்டம் 2021-இல் புதிதாக வந்தது, பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்காமல் போலீசின் இணையதளத்தைப் பாருங்கள். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற காலத்தில் கிளப் ரைஃபிளிலேயே சுடலாம், அதனால் அவசரம் ஒன்றும் இல்லை.

பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற அப்பா அம்மாக்களுக்கும் ஒன்று. இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, பெரியவர்களுக்கும் தொடக்க நிலை வகுப்பு உண்டு, 55, 65, 73 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனித் தனிப் பிரிவே இருக்கிறது. பயிற்சி நாள் என்ன கிழமை என்று உங்கள் ஊர் கிளப்பில் கேளுங்கள், முதல் தடவைக்கு முழங்கையை மூடுகிற தடித்த ஸ்வெட்டர் ஒன்று போட்டுக்கொண்டு போங்கள், மீதியெல்லாம் அங்கேயே கொடுப்பார்கள்.